திரையில் தெரிந்த தூண்

— பாதிக் கட்டடத்தைக் காணோம் அண்ணி.

— காணோம்னா? திருட்டுப் போச்சா?

— விளையாடாதீங்க. நீங்க கம்ப்யூட்டர்ல வரைஞ்சு அனுப்பின 3டி மாடலைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். திரையில பாதிதான் இருக்கு. அந்தப் பாதியும் மின்னி மின்னி மறையுது. இப்ப இருக்குற சுவர் அடுத்த நிமிஷம் இல்ல.

— முதல்ல எப்படி இருக்கீங்கன்னு கேளு. நாலு மாசம் கழிச்சு போன் பண்றே. நாத்தனாரா பொறந்தா இவ்வளவு கெத்து வேணுமா? ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா?

— நல்லாருக்கீங்களா அண்ணி?

— இருக்கேன். இப்ப சொல்லு, எந்தக் கட்டடம்?

— அந்தப் பழைய மாடிக் கட்டடம்தான். கீழ ரெண்டு கடையை ஒண்ணாக்கி மருந்துக் கடை வைக்கப் போறாங்களே, அது.

— உங்க அண்ணன் கடைசியா அளவெடுத்த வேலை. படத்தை முடிச்சுக் குடுத்தது நான். இடிக்கற கான்ட்ராக்டர்கிட்ட இன்ஜினியரா இருக்கறது நீ. குடும்பமே சேர்ந்துதான் வேலை பாக்குது, ஆளுக்கு ஒரு மூலையில.

— அண்ணி, எனக்கு நேரம் இல்ல. நடுச் சுவரை எடுக்கணும். மேஸ்திரி ஆளுங்களோட உளியும் சுத்தியுமா நிக்கறார். உங்க படத்துல அது வெறும் சுவர்னு இருக்கு. எனக்கு மனசு ஒப்பல.

— ஏன் ஒப்பல? படம் ஒழுங்காத்தானே இருக்கு.

— சுவருக்கு மேல போற உத்திரம் இருபத்தெட்டு அடி. நடுவுல ஒரு தூண்கூட இல்லாம அது எப்படி நிக்கும்? சுவருக்குள்ள தூண் இருக்கணும். மாடல்ல பாத்துடலாம்னு திறந்தா இந்தக் கூத்து. மேல மாடியில தையல் வகுப்பு வேற நடக்குது. முப்பது பேர். சத்தம் கேக்குதா?

— அது தையல் மெஷினா? உன் லேப்டாப் மூச்சு வாங்குதுன்னுல்ல நினைச்சேன்.

— அதுவும்தான் வாங்குது.

— யார் லேப்டாப்பு?

— கம்பெனியோடது. எனக்கு முன்னால நாலு பேர் வச்சிருந்தாங்க.

— அதான். நோஞ்சான் குதிரைக்குப் பெரிய வண்டியைப் பூட்டினா நுரைதான் தள்ளும். கேளு. அமைப்புகளுக்குப் போ. கிராஃபிக்ஸ்னு இருக்கா? அதுல முதல் டிக்கை எடுத்துடு. கிராஃபிக்ஸ் கார்டை நம்பி வரையாதேன்னு சொல்றோம், அவ்வளவுதான். மூடிட்டுத் திரும்பத் திற.

— எடுத்துட்டேன். மூடறேன். மேஸ்திரி, ஒரு பத்து நிமிஷம் பொறுங்க.

— ஆகட்டும்மா. நாங்க பீடி பிடிக்கப் போனா அப்புறம் எங்களைக் கூப்பிடாதீங்க, ஆமா.

— போயிட்டு வாங்க. ஆனா தூரமாப் போகாதீங்க.

— அவர் யாரு, மேஸ்திரியா? குரலே செங்கல் மாதிரி இருக்கு.

— நல்ல மனுஷன். திறந்துடுச்சு அண்ணி. மின்னல் நின்னுடுச்சு. ஆனா பாதிதான் தெரியுது, கத்தியால வெட்டின மாதிரி.

— வெட்டத்தான் வெட்டியிருக்கு. சுத்தி ஒரு பெட்டி மாதிரி மெல்லிசா கோடு தெரியுதா?

— தெரியுது.

— அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது மட்டும்தான் உனக்குத் தெரியும். நான் மாடிப்படி வரைஞ்சப்போ பெட்டியைச் சுருக்கினேன், திரும்ப விரிக்க மறந்துட்டேன். இடது பக்கப் பட்டியல்ல கீழ போ. செக்ஷன் பாக்ஸ்னு இருக்கும். டிக்கை எடு.

— எடுத்தேன். அப்பாடா. முழுக் கட்டடமும் வந்துடுச்சு. மொட்டைமாடித் தண்ணித் தொட்டிகூட இருக்கு.

— என் கணக்குல ரெண்டு நோய் தீர்ந்துது. ஃபீஸ் எவ்வளவு தருவே?

— இருங்க. சுவரை அரைக் கண்ணாடி மாதிரி ஆக்கறேன். அண்ணி!

— என்ன?

— இருக்கு. சுவருக்கு நடுவுல தூண் இருக்கு. ஒன்பது அங்குலம், சுவரோட அதே அகலம். அதான் வெளியில தெரியல. நான் சொன்னேன்ல!

— அப்புறம் ஏன் ப்ளான்ல இல்ல?

— அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்கறேன். 3டியில இருக்கற தூண் நீங்க பிரிண்ட் எடுத்துக் குடுத்த ப்ளான்ல இல்ல. நான் அதை நம்பியிருந்தா மேஸ்திரி இந்நேரம் தூணையும் சேத்து உடைச்சிருப்பார்.

— ஏய், பதறாதே. சில நேரம் ப்ளானை எந்த உயரத்துல வெட்டிப் பாக்கறோம்கறதைப் பொறுத்து ஒரு பொருள் தெரியும், தெரியாது. நானும் இங்க திறக்கறேன். நாலடி உயரத்துல வெட்டியிருக்கு. தூண் தரையிலேருந்து உத்திரம் வரைக்கும் போகுது. தெரிஞ்சாகணுமே. தெரியலியே.

— உங்களுக்கும் தெரியலையா?

— தெரியல. இரு, வடிகட்டியைப் பாக்கறேன். பழசு, புதுசு, இடிக்கறதுன்னு பிரிச்சு வச்சிருப்போம்ல? அதுலயும் தப்பு இல்ல.

— என்ன சத்தம் அது? ஏதோ தட்டற மாதிரி.

— உங்க அண்ணன். பக்கத்து ரூம்ல இருக்கார். போனை ஸ்பீக்கர்ல வச்சிருக்கேன், உன் குரலைக் கேட்டிருப்பார். கட்டில் சட்டத்தைத் தட்டறார். தண்ணி வேணுமோ என்னவோ. இரு, வந்துடறேன்.

— சீக்கிரம் வாங்க.

— அம்மா, பீடி தீந்துடுச்சு. தூணா, சுவரா? ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்களுக்குத் தூணுன்னாலும் ஒண்ணுதான், சுவருன்னாலும் ஒண்ணுதான்.

— தூண் இருக்குன்னு மாடல் சொல்லுது மேஸ்திரி. ஏன் ப்ளான்ல இல்லேன்னு பாத்துக்கிட்டு இருக்கோம்.

— திரையில இருந்தா உள்ள இருக்குமாம்மா?

— பழைய வரைபடத்தைப் பாத்துத்தானே மாடலே போடுவாங்க. நீங்க சுவரைத் தட்டிப் பாருங்களேன்.

— பாத்தேன். ரெண்டு அங்குலத்துக்குப் பூச்சைக் குழைச்சு அப்பியிருக்காங்க. எங்க தட்டினாலும் ஒரே சத்தம்தான்.

— வந்துட்டேன்மா. தண்ணி வேண்டாமாம். "அதில்ல"ன்னுட்டார்.

— பேசறாரா?

— எங்க பேசறார். அந்த ஒரே வார்த்தைதான். பக்கவாதம் வந்ததுலேருந்து வாயில அது மட்டும்தான் வருது. சாப்பிடறீங்களான்னா "அதில்ல". விசிறி போடவான்னா "அதில்ல". டாக்டர் என்னைக் காட்டி இது யாருன்னு கேட்டாரு, அதுக்கும் "அதில்ல". நான் அழறதா சிரிக்கறதா? மூளையில ஒரு வார்த்தை மாட்டிக்குமாம். அவர் மனசுல நினைக்கறது ஒண்ணு, வாயில வர்றது அதுதான்.

— எழுதிக் காட்ட மாட்டாரா?

— வலது கை வரல. இடது கையால எழுதச் சொன்னா கோடு கோடாத்தான் இழுக்கறார். ஒரு தடவை வந்தியே, பாத்தேல்ல.

— பாத்தேன். என்னைப் பாத்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

— அடிப் பைத்தியமே. அப்ப அவருக்குக் கழுத்து அந்தப் பக்கம் மட்டும்தான் திரும்பும்.

— என்ன சொல்றீங்க?

— நீ கட்டிலுக்கு வலது பக்கம் நின்னே. அவர் தலை இடது பக்கம் விழுந்து கிடந்துச்சு. சொல்றதுக்குள்ள பழத்தை வச்சுட்டுப் போயிட்டே. அதுக்கப்புறம் போன் பண்ணினா எடுக்கல.

— எனக்கு எப்படித் தெரியும்? நான் அவர்கிட்ட வேலை பாத்தப்போ "என் ஆபீஸ்ல நான் சொல்றதுதான்"னு எல்லார் முன்னாலயும் சொன்னவர்தானே. திருப்பிக்கிட்டார்னு நினைச்சேன்.

— நீ மட்டும் என்ன சொன்னே? "அப்ப உங்க ஆபீஸை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க"ன்னே. அழறதுக்குத்தான் நான் இருக்கேனே. சரி விடு. அந்த பல்பு படத்தை அமுக்கிப் பாரு.

— எந்த பல்பு?

— ப்ளானுக்குக் கீழ சின்னதா ஒரு பல்பு இருக்கும். தனித்தனியா மறைச்சு வச்ச சுவர், தூணை எல்லாம் காட்டிக் குடுக்கும். நானும் அமுக்கறேன். ஆங்!

— வந்துடுச்சு. சிவப்பா ஒரு கட்டம்.

— யாரோ இந்தத் தூணை மட்டும் தேர்ந்தெடுத்து, இந்த ப்ளான்ல தெரியக் கூடாதுன்னு மறைச்சிருக்காங்க. மறைக்கறது அந்த ஒரு படத்துக்கு மட்டும்தான் செல்லும், அதான் 3டியில அப்படியே இருக்கு.

— யாரோ என்ன யாரோ. இந்த ஃபைல்ல கை வச்சது ரெண்டே பேர். நீங்க மறைச்சீங்களா?

— நான் மறைக்கல.

— அப்ப அண்ணன்தான். பாருங்க, இதுதான் அவர் வேலை. வேற எதையோ அமுக்கப் போயி இதை அமுக்கியிருப்பார். கவனமே கிடையாது. நான் அங்க இருந்தப்பவே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

— மெதுவாப் பேசு. ஸ்பீக்கர்ல இருக்கே.

— கேக்கட்டுமே.

— கேக்குது. திரும்பத் தட்டறார். "அதில்ல, அதில்ல"ன்னு கத்தறார். காலையில நல்லாத்தான் இருந்தார்.

— டாக்டருக்குப் போன் பண்ணுங்க. நான் வேலையை ஆரம்பிச்சுடறேன். தூண் இருக்குன்னு தெரிஞ்சா போதும் எனக்கு. உத்திரம் தூண்மேல உக்காந்திருக்கு, செங்கல்லுக்கு அங்க வேலையே இல்ல. நீங்க மறைச்சதை எடுத்துட்டுப் புதுசா ஒரு ப்ளான் அனுப்புங்க.

— அனுப்பறேன்.

— மேஸ்திரி! நடுவுல ரெண்டடியைத் தொடாதீங்க, அது தூண். சாக்பீஸ்ல கோடு போட்டுடுங்க. ரெண்டு பக்கமும் மேலேருந்து ஒவ்வொரு கல்லா எடுங்க. பெரிய சம்மட்டி வேண்டாம்.

— ஆகட்டும்மா. டேய், ஏணியை இந்தப் பக்கம் போடு. உளியைக் குடு.

— அண்ணி, அனுப்பிட்டீங்களா?

— எங்க அனுப்பறது? இவர் கட்டிலை விட்டு இறங்கறார். ஐயோ, பாத்து, பாத்து. ஏங்க, விழுந்துடுவீங்க. நான் வரேன் இருங்க.

— என்ன ஆச்சு?

— தடியைப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டார். இவ்வளவு தூரம் தனியா நடந்ததே இல்ல. வியர்த்துக் கொட்டுது. உக்காருங்க. என்ன வேணும்? தங்கச்சிகிட்ட பேசணுமா? இந்தாங்க, பேசுங்க.

— அண்ணா?

— அதில்ல.

— அண்ணா, நான்தான். உடம்பு எப்படி இருக்கு?

— அதில்ல! அதில்ல!

— சரி சரி, கத்தாதீங்க. நான் அப்புறம் வந்து பாக்கறேன். இங்க ஆளுங்க வேலை செஞ்சுக்கிட்டு இருக்காங்க.

— போனைத் தள்ளிவிட்டுட்டார்மா. அவருக்கு நீ வேண்டாம், கம்ப்யூட்டர் வேணும். திரையில விரலை வச்சு அந்தத் தூணைத் தேய்க்கறார். அழிக்கற மாதிரி. ஏங்க, அதை இப்பத்தான் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தோம்.

— என்ன பண்றார்?

— கீபோர்டை இழுத்து வச்சுக்கிட்டார். இடது கை ஒரு விரல். வி. அப்புறம்... தேடறார். ஜி. அடேயப்பா. எது தெரியும், எது தெரியாதுங்கற பட்டியலைத் திறந்துட்டார். பேச்சு போச்சு, எழுத்து போச்சு, இது மட்டும் விரல்ல நிக்குது பாரேன்.

— எதைத் தேடறார்?

— குறிப்பு எழுத்துங்கற இடத்துல டிக் இல்ல. அதுல விரலை வச்சு என்னைப் பாக்கறார். அதை அணைச்சது நான்தான். நாலு பக்கமும் இவர் எழுதி வச்சிருந்த குறிப்புல படமே தெரியல, பிரிண்ட் எடுக்கறதுக்காக மொத்தமா அணைச்சேன்.

— படிச்சுட்டுத்தானே அணைச்சீங்க?

— படிக்கல. அன்னைக்கு இவர் ஐசியூல இருந்தார். படத்தைக் குடுக்கலேன்னா வேலை போயிடும்னு வராந்தாவுல உக்காந்து மடியில வச்சு முடிச்சேன். இரு, டிக் போடறேன். வந்துடுச்சு. தூண் பக்கத்துலயே எழுதியிருக்கார்.

— என்னன்னு?

— "பழைய வரைபடத்தில் தூண் உண்டு. நேரில் இல்லை."

— என்னது?

— "மூன்று இடத்தில் துளை போட்டுப் பார்த்தேன். செங்கல் மட்டுமே. மேல்மாடியைத் தாங்குவது இந்தச் சுவர்தான். தொடக் கூடாது."

— மேஸ்திரி! நிறுத்துங்க! எல்லாரும் கையை எடுங்க! நிறுத்துங்கன்னா!

— நிறுத்தியாச்சும்மா. என்ன, பாம்பா?

— எத்தனை கல் எடுத்தீங்க?

— இந்தப் பக்கம் ஒரு பதினாலு. அந்தப் பக்கம் இன்னும் கை வைக்கல.

— மேல பாருங்க. உத்திரத்துக்குக் கீழ ஏதாவது விரிசல் இருக்கா?

— டார்ச்சைக் குடுடா. இருக்கும்மா. முடி மாதிரி ஒரு கோடு. காலையில நான் பாத்தப்போ இல்ல.

— எல்லாரும் வெளிய வாங்க. ரெண்டு பேர் மாடிக்கு ஓடுங்க. தையல் வகுப்புல இருக்கற அத்தனை பேரையும் கீழ இறக்குங்க. ஓடாம, ஒவ்வொருத்தரா இறங்கச் சொல்லுங்க. துணியை எடுக்கறேன், கத்தரியை எடுக்கறேன்னு நின்னா விடாதீங்க.

— ஆகட்டும்மா. டேய், வாங்கடா ரெண்டு பேர்.

— நாத்தனாரே, என்ன ஆச்சு? பேசு.

— லைன்லயே இருங்க அண்ணி. மேஸ்திரி, வண்டியில முட்டுக் குடுக்கற ஜாக்கி எத்தனை இருக்கு?

— எட்டு கிடக்கு. குடோன்லேருந்து இன்னும் பன்னெண்டு வரவழைக்கலாம்.

— எட்டையும் இறக்குங்க. உத்திரத்துக்கு ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்துடுவோம். மேல ஆள் காலியானதும் சொல்லுங்க, அதுக்கப்புறம்தான் உள்ள போகணும். முதல்ல நான் போறேன்.

— நீங்க எதுக்கும்மா? நான் முப்பது வருஷமா முட்டுக் குடுக்கறவன். நீங்க வெளிய நின்னு கணக்கு மட்டும் சொல்லுங்க.

— அண்ணி, அவர் துளை போட்ட மூணு இடத்தையும் காட்டச் சொல்லுங்க.

— காட்டறார். நடுவுல, அதுக்கு ஒரு கை மேல, ஒரு கை கீழ. அவரே பூசி மூடியிருக்கணும்.

— அம்மா, தையல்காரங்க எல்லாம் இறங்கியாச்சு. ஒரு அம்மா மட்டும் பாதி ஜாக்கெட்டோட நிக்குது, திட்டிக்கிட்டே இருக்கு.

— திட்டட்டும். எண்ணிப் பாத்தீங்களா?

— முப்பத்தொண்ணு. டீச்சரம்மாவையும் சேத்து. ஜாக்கி நாலு நின்னுடுச்சு. மிச்ச நாலும் நிறுத்திக்கிட்டு இருக்கோம்.

— நின்னதும், நீங்க சாக்பீஸ் போட்ட இடத்துல பூச்சை லேசா கொத்திப் பாருங்க.

— கொத்தினேன்மா. செங்கல்தான். உளியை உள்ள விட்டுப் பாத்துட்டேன், ஒரு நூல் கம்பிகூட இல்ல. எவனோ தூணுக்கு உண்டான கம்பியையும் சிமெண்டையும் வாயில போட்டுக்கிட்டுப் போயிருக்கான். நாம இன்னும் ரெண்டு வரிசை எடுத்திருந்தா...

— போதும் மேஸ்திரி. எல்லாருக்கும் டீ சொல்லுங்க. அந்தத் திட்டற அம்மாவுக்கும் சேத்து.

— ஆகட்டும்மா. அம்மா, இதைக் கண்டுபிடிச்சது யாரு? அவருக்கும் ஒரு டீ சொல்லணுமே.

— எங்க அண்ணன்.

— நாத்தனாரே.

— சொல்லுங்க அண்ணி.

— அவர் இவ்வளவு நேரமும் நம்மகிட்ட சரியாத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கார். அது இல்ல, அது இல்லன்னு. நான்தான் தண்ணியைக் கொண்டுபோய் நீட்டினேன்.

— நான் கவனம் இல்லாதவர்னு சொன்னேன். அவர் காதுல விழற மாதிரி.

— இப்ப அமைதியாயிட்டார். தலையை மேஜையில சாச்சுக்கிட்டு இருக்கார். தூங்கிடுவார் போல.

— அண்ணி, ஒண்ணு புரியல. தூண் இல்லேன்னு தெரிஞ்சா அதை மாடலை விட்டே எடுத்திருக்கலாமே. ஏன் மறைச்சு மட்டும் வச்சார்? யார்கிட்டயும் ஏன் சொல்லல?

— கீழ இன்னும் ரெண்டு வரி இருக்கு. இருநூறு தடவை சண்டை போட்டாலும்... இரு, படிக்கறேன். "தூண், கம்பி விஷயத்தில் முடிவு சொல்ல வேண்டியவள் தங்கச்சி. நாளைக் காலை நேரில் போய்க் காட்ட வேண்டும்." தேதி போட்டிருக்கார்.

— என்ன தேதி?

— அவர் பக்கவாதம் வந்து விழுந்ததுக்கு முந்தின நாள்.

— அப்படின்னா மறுநாள் காலையில... அண்ணி, அவர் பஸ் ஸ்டாப்புல விழுந்தார்னுதான் எனக்குச் சொன்னாங்க. எந்த பஸ் ஸ்டாப்?

— உன் தெரு முனையில இருக்கறதுதான்மா. உன்கிட்ட சண்டை போடத்தான் கிளம்பி வந்திருப்பார்னு நினைச்சுக்கிட்டு, இத்தனை நாளும் நான் அதை உனக்குச் சொல்லவே இல்ல.